மொட்டை போட்டால் முளைக்கிற முடி, தழும்பில் ஏன் முளைப்பதில்லை?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 26. உச்சந்தலையில் ஐந்து ரேண்ட் காசு அளவுக்கு முடி போய்விட்டது. அந்த இடம் எரிகிறது, அரிக்கிறது. புழுவெட்டு என்று சொல்லி வீட்டில் சின்ன வெங்காயத்தைத் தேய்த்துவிட்டார்கள். இப்போது, இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு மொட்டை போட்டால் புதுமுடி வந்துவிடும் என்கிறாராம் பெரியம்மா. வருமா என்று கேட்கிறார்.

அம்மனுக்கு நேர்ந்துகொள்வது அவரவர் மனசு. ஆனால் முடி எங்கிருந்து முளைக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தலையில் ஏறக்குறைய 1,00,000 முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, மூன்று மாதம் போல ஓய்ந்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலில் மறுபடி முளைக்கும். முளைக்க வைப்பது எது? மயிர்க்காலின் அடியில் இருக்கும் குமிழ் என்றே வெகுகாலம் நம்பினார்கள். முடி உருவாவது அங்கேதானே.

1990இல் கோட்சரெலிஸ், சுன், லாவ்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளுக்குக் கதிரியக்கத் தைமிடினைச் செலுத்தினார்கள். பிரிந்துகொண்டிருக்கும் செல் அதைத் தன் டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்ளும். பிறகும் அடிக்கடி பிரிந்தால் அந்த அடையாளம் பாதியாகி, அதிலும் பாதியாகிக் கரைந்துவிடும். பிரியாமல் சும்மா கிடக்கும் செல்லில் மட்டும் அப்படியே தங்கும். சில வாரம் கழித்துப் பார்த்தால், எல்லோரும் எதிர்பார்த்த குமிழில் அடையாளம் இல்லை. அது மேலே, மயிர்க்காலின் பாதி உயரத்தில் இலேசாகப் புடைத்திருக்கும் ஓரிடத்தில் இருந்தது. எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே, நமக்குப் புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துமே ஒரு சின்னத் தசை, அது வந்து ஒட்டும் இடம். முடியின் ஸ்டெம் செல்கள், அதாவது தேவைப்படும்போது மட்டும் பிரிந்து புதுமுடிக்கான செல்களைத் தரும் மூலச்செல்கள், குடியிருப்பது அங்கேதான். மும்முரமாக வேலை செய்யும் செல்களை விட்டுவிட்டு, ஓய்ந்து கிடப்பவற்றைத் தேடிப் பிடித்த இந்தப் பரிசோதனையைப் போல என் மனதைக் கவர்ந்தது உயிரியலில் வேறொன்றில்லை.

வாழையை வெட்டிச் சாய்த்தாலும் மண்ணுக்குள் கிழங்கு நன்றாக இருந்தால் பக்கக்கன்று வந்துவிடும். கிழங்கே அழுகிப்போனால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வராது. மொட்டைக் கத்தி தோலுக்கு மேலே இருப்பதை மட்டும் வழிக்கிறது. புடைப்பைத் தொடுவதே இல்லை. புழுவெட்டில் நோயெதிர்ப்புச் செல்கள் அடிக்குமிழைச் சூழ்கின்றன. புடைப்பு தப்பிவிடுவதால் பல வருடம் கழித்தும் முடி திரும்பலாம்.

தழும்பு விழும் முடி உதிர்வில் தாக்குதல் நேராகப் புடைப்பின் மேல். சாதாரணமாக அந்த ஸ்டெம் செல்கள், நோயெதிர்ப்புச் செல்கள் கண்டுகொள்ளும் மூலக்கூறுகளைத் தம் மேற்பரப்பில் குறைத்தே வைத்திருக்கும். லைக்கன் பிளானோபிலாரிஸ் என்ற நோயில் இந்தக் காப்பு குலைகிறது. டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் உள்ளே புகுந்து அந்த ஸ்டெம் செல்களை அழிக்கின்றன. மயிர்க்கால் இருந்த இடத்தை நார்த்திசு நிரப்பிவிடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் துளையே இல்லாத வழவழப்பான தோல். விளிம்பில் மிஞ்சிய முடிகளின் அடியைச் சுற்றி வெள்ளைச் செதில். நோய் அந்த விளிம்பில்தான் உயிரோடிருக்கிறது. அதனால் பரிசோதனைக்கான 4 மில்லிமீட்டர் தோல் துணுக்கை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். வழுக்கையின் நடுவிலிருந்து எடுத்தால் தழும்பைத் தவிர ஒன்றும் தெரியாது.

இந்தத் தழும்பு வழுக்கையில், ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு உச்சியில் தொடங்கி வட்டமாகப் பரவும் ஒரு வகை உண்டு. 1968இல் அதற்குச் 'சூட்டுச் சீப்பு வழுக்கை' என்றே பெயர் வைத்தார்கள். பழி முழுக்க அவர்கள் தலை வாரும் விதத்தின் மேல். 2019இல், டர்பனில் இருக்கும் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் நிகோசா டிலோவாவும் இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 58 பெண்களைச் சோதித்ததில், 14 பேரிடம் பிஏடிஐ3 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. முடித்தண்டு சரியாக உருவாகத் தேவையான புரதத்தைப் பதப்படுத்தும் நொதி அந்த மரபணுவிலிருந்து வருகிறது. இறுக்கிப் பின்னுவதும் சூடு வைப்பதும் கெடுதல்தான். ஆனால் மரபணுவிலும் காரணம் இருக்கும்போது, அரை நூற்றாண்டு அந்தப் பெண்களையே குற்றம் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. முடி போவதை அழகுப் பிரச்சினை என்று தள்ளிவைத்து ஆராய்ச்சிக்குப் பணம் தராமலிருப்பதும் அந்தப் பழியின் நீட்சிதான். ஒருத்தி கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறாள் என்றால் அது அழகுப் பிரச்சினையா?

வாசகிக்கு: உங்களுடையது தழும்பு விழும் வகையானால், மொட்டை போட்டாலும் அந்த இடத்தில் முடி வராது; இழந்த இடத்தில் முடியைத் திரும்பக் கொண்டுவரும் மருந்தும் இல்லை. விளிம்பை நிறுத்த மருந்து உண்டு. தோலில் போடும் ஸ்டீராய்டு ஊசி, டாக்ஸிசைக்ளின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகியவற்றில் எது என்பதைத் தோல் மருத்துவர் முடிவு செய்வார். எரிச்சல் இருக்கும்வரை நோய் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; தாமதிக்க வேண்டாம். வெங்காயத்தை உடனே நிறுத்துங்கள், புண்பட்ட தோலை அது இன்னும் புண்ணாக்கும். மாதம் ஒரு தடவை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தால் விளிம்பு நகர்கிறதா என்று தெரியும். வகிட்டை மாற்றி எடுங்கள், விக் வையுங்கள், முந்தானையால் மூடுங்கள். எதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடி நடும் அறுவைக்கு மட்டும் அவசரம் வேண்டாம். நோய் அடங்கி ஓரிரண்டு வருடமாவது ஆகாமல் நட்டால், நட்ட மயிர்க்காலின் புடைப்பையும் அதே டி செல்கள் தேடி வரும்.