தாழியை உடைக்காதீர்கள், கழுவாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் வாய்க்கால் வெட்டும்போது பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை, முதுமக்கள் தாழி ஒன்று தெரிந்தது. தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் அதை உடைத்து, உள்ளே இருந்த மண்ணைக் கரையில் கொட்டிவிட்டார்கள். தங்கம் இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். கிடைத்த இரண்டு கலயங்களை ஓர் அம்மா நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அவர்மேல் தவறே இல்லை. கழுவக் கூடாது என்று தொல்லியல் ஆய்வு செய்யும் எங்களில் யாரும் அந்த ஊருக்குப் போய்ச் சொன்னதில்லை.

எங்களுக்கு அந்த மண்தான் முக்கியம். பல்லும் எலும்புத் துணுக்கும் உமியும் அதில்தான் இருக்கும். எலும்பைப் பார்த்து இறந்தவரின் வயதை ஓரளவு சொல்லலாம். கலயத்தின் அடியில் ஒட்டிய கசடு, அதில் என்ன வைத்துப் படைத்தார்கள் என்று காட்டக்கூடும். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் மிஞ்சுவது வெறும் பானை.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலான தாழிகளில் இருப்பவை எலும்பு, மண்கலம், இரும்பு. அவருக்கு முன்பு, 1876-இல், யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே எடுத்தவை பெர்லினுக்குப் போயின. தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தாழிகளை, கிடந்த இடத்திலேயே, அங்கேயே அமைத்த அருங்காட்சியகத்தின் கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் நான் பேசினாலும் புரியாதது அங்கே குனிந்து பார்த்தால் புரிந்துவிடும்.

அரசிடம் சொன்னால் நிலம் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கீழடியில் தோண்டியது தனியார் தென்னந்தோப்புகளில்தான். நிலத்துக்காரர்கள் சம்மதித்தார்கள், வேலை முடிந்ததும் பல குழிகளை ஆய்வாளர்கள் மூடிக் கொடுத்தார்கள். அவர்கள் மறுத்திருந்தால் சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறும் இல்லை, 'ஆதன்' என்ற பழந்தமிழ்ப் பெயரைக் கீறிய பானையோடும் இல்லை.

சரி, ஏதாவது தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் போனில் படம் எடுங்கள், அளவு தெரியும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். புதையலாகக் கிடைப்பதை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

போன ஆண்டு அந்த அம்மாவே போன் செய்தார். "இன்னொண்ணு தெரியுது சார். ஓலை போட்டு மூடி வச்சிருக்கோம். நீங்க வர்ற வரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன்."