பிரசவ அறையில் கூட யார் இருக்கிறார்கள்?

வீட்டில் இருக்கும்வரை ஒழுங்காக விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்த பிரசவ வலி, ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஏறியதும் அடங்கிவிடுவது உண்டு. தாராவியின் திருநெல்வேலிப் பாட்டிகள் 'சூட்டு வலிதான்' என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். பல சமயம் அவர்கள் சொல்வது சரிதான். கடைசி வாரங்களில் கர்ப்பப்பை சும்மாவே இறுகித் தளரும். ஆனால் நிஜமாகவே தொடங்கிவிட்ட வலியும் இப்படி மந்தமாகிப் போவதுண்டு. அதற்கு ஒரு காரணம், அந்தப் பெண்ணின் உடம்பில் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்யும் இரண்டு ஹார்மோன்கள்.

முதலாவது ஆக்ஸிடோசின். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பூனையின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1906-ல் ஹென்றி டேல் கண்டறிந்தார். அதற்குக் காரணமான பொருளை 1953-ல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வகத்தில் உருவாக்கினார். 1955-ல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. இன்று 'வலி வரவைக்க' டிரிப்பில் ஏற்றுவதும் அதே மூலக்கூறுதான்.

குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்தும்போது அந்தச் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளை இன்னும் கொஞ்சம் ஆக்ஸிடோசினை விடுகிறது. கர்ப்பப்பை இன்னும் பலமாகச் சுருங்குகிறது, தலை இன்னும் கீழே அழுத்துகிறது, மறுபடி சேதி போகிறது. உடம்பில் பெரும்பாலான காரியங்களுக்கு ஒரு கட்டத்தில் தடை போடும் ஏற்பாடு உண்டு. இங்கே குழந்தை வெளியே வரும்வரை வேகம் கூடிக்கொண்டே போகிறது. கூடவே எண்டார்ஃபின் என்ற, உடம்பே தயாரிக்கும் வலி நிவாரணியும் ஊறுகிறது. இரண்டு வலிகளுக்கு நடுவே சில பெண்கள் கண்மூடிக் கிறங்கிப்போவதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

இரண்டாவது அட்ரினலின். பயம் வந்தால் சுரப்பது. கர்ப்பப்பைத் தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன; அட்ரினலின் அவற்றைத் தொட்டால் தசை தளர்ந்துவிடும். குறைப்பிரசவ வலியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டெர்ப்யூட்டலின் மருந்து வேலை செய்வதும் இதே ஏற்பிகள் வழியாகத்தான். ஆக, பயந்த பெண்ணின் உடம்பு வலியை நிறுத்தும் மருந்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். காட்டில் குட்டி போடும் விலங்குக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு: ஆபத்து வந்தால் பிரசவத்தைத் தள்ளிப்போட்டு ஓடிவிடலாம். 1960-களில் நைல்ஸ் நியூட்டன் குட்டி ஈனும் சுண்டெலிகளை இடையில் தொந்தரவு செய்து பார்த்தார், பிரசவம் நீண்டுபோனது. 1978-ல் ரெஜினா லெடர்மேன் குழுவினர் பிரசவ வலியில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பதற்றமும் அட்ரினலினும் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கர்ப்பப்பைச் சுருக்கம் பலவீனமாகவும் பிரசவ நேரம் நீண்டும் இருந்தது.

இதை வைத்து 'நீ பயந்ததால்தான் சிசேரியன் ஆச்சு' என்று எந்தப் பெண்ணையும் யாரும் சொல்லிவிடக் கூடாது. குழந்தையின் தலை திரும்பியிருக்கும் விதம், ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் நிலை என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை. அப்புறம், பயம் அவளுடைய குணக்குறை இல்லை. சுற்றியிருக்கும் சூழலுக்கு உடம்பு சொல்லும் பதில் அது. மாற்ற வேண்டியது சூழலைத்தான்.

மும்பைத் தமிழ்ப் பெண்களின் சூழலை நினைத்துப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டாவது பெரும்பாலும் இங்கேயே. மூத்ததுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே. லேபர் வார்டில் மராட்டியும் இந்தியும். 'ஜோர் லகாவோ' (பலமாக முக்கு) என்கிறார் நர்ஸ். காய்கறிக் கடையில் கைகொடுக்கும் இந்தி, வலியின் உச்சத்தில் கைகொடுக்காது. எதற்குக் கையுறை மாட்டுகிறார்கள், ஏன் ஊசி போடுகிறார்கள் என்று புரியாமல் படுத்திருப்பதைவிட அட்ரினலினுக்கு வேறென்ன தூண்டுதல் வேண்டும்?

கூட ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் கவனமாக அளந்தது கவுதமாலாவில் நடந்த, 1980-ல் வெளியான ஆய்வு. முன்பின் தெரியாத, மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு பெண்தான் துணை. கையைப் பிடித்துக்கொண்டாள், முதுகைத் தடவினாள், பேசினாள். சிக்கலில்லாத பிரசவங்களில், துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரம், இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். சின்ன ஆய்வு அது. 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளைச் சேர்ந்த 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை, சேர்த்துப் பார்த்தபோது நேர வித்தியாசம் சுமார் 40 நிமிடமாகச் சுருங்கியது. ஆனால் சிசேரியன் வாய்ப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. பிரசவத்தைக் கசப்பாக நினைவில் வைத்திருப்பவர்களும் குறைவு. இவ்வளவு மலிவாக, பக்கவிளைவே இல்லாமல் இதைச் செய்யும் மருந்து ஒன்று இருந்தால் எல்லா ஆஸ்பத்திரியிலும் வாங்கி வைத்திருப்பார்கள்.

டிரிப் போட வேண்டிவந்தால் துணை இன்னும் முக்கியம். உள்ளே ஊறும் ஆக்ஸிடோசின் மூளைக்குள்ளும் வேலை செய்து பதற்றத்தைக் குறைக்க உதவுகிறது. ரத்தத்தில் ஏற்றுவது மூளைக்குள் பெரிதாகப் போய்ச் சேர்வதில்லை. வலி கிடைக்கும், அதோடு வர வேண்டிய நிதானத்தை வேறு யாராவதுதான் கொடுக்க வேண்டும்.

பிரசவம் நல்ல அனுபவமாக மனதில் நிற்பதற்கு வலி குறைவாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கனடாவின் எலன் ஹாட்னெட் 2002-ல் 137 ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தார். வலி, மருத்துவத் தலையீடு, வயது, வசதி எல்லாவற்றையும்விட நான்கு விஷயங்கள் மேலே நின்றன: அவளுடைய எதிர்பார்ப்பு, பராமரிப்பவர்கள் தந்த ஆதரவு, அவர்களோடு இருந்த உறவு, முடிவுகளில் அவளுக்கு இருந்த பங்கு. 'உள்ளே பார்க்கணும்மா, பார்க்கலாமா?' என்று கேட்டுவிட்டுத் தொடுவது இந்தக் கணக்கில் பெரிய விஷயம். அப்படிக் கேட்கப்பட்ட சிசேரியனும் நல்ல நினைவாக இருக்க முடியும்; கேட்கப்படாத சுகப்பிரசவமும் காயமாக இருக்க முடியும். முந்தைய பிரசவத்தில் அப்படிக் காயப்பட்டவர்களின் அடுத்த பிரசவத்தை 2010-ல் ஆராய்ந்த செரில் பெக், மரியாதையோடு நடந்த அந்த அடுத்த அனுபவம் பலருக்குப் பழைய காயத்தை ஆற்றியதைப் பதிவு செய்தார். எல்லோருக்கும் இல்லை. சிலருக்கு அந்த ஆறுதல் கிடைக்கவே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதல், அவள் விரும்பும் துணையைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்கிறது. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் கைவிடச் சொல்கிறது. இந்தியாவிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு அனுமதி தந்திருக்கிறது. துணைக்கு வருபவர் பெண் உறவினராக, முடிந்தால் தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை வேண்டும். சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது.

அதனால் பெயர் பதியப் போகும் அன்றே 'லேபர் வார்டுக்குள் ஒருத்தரை விடுவீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். யார் வரப்போகிறார்கள் என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். ஊரிலிருந்து அம்மா வந்தால் நல்லது; ஆனால் அவருக்கு இந்தி தெரியாது என்றால், இந்தி தெரிந்த நாத்தனாரோ அத்தையோ இன்னும் உதவியாக இருக்கலாம். வளைகாப்புக்கு வரும் பெண்களில் பதறாதவர் யார், பேசிக்கொண்டே இருக்காதவர் யார், நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருபவர் யார் என்று கர்ப்பிணியிடமே கேளுங்கள். அவள் சொல்லும் பெயர்தான் முக்கியம், மாமியார் சொல்லும் பெயர் அல்ல.