தெரியாதது இரண்டு என்றால் தகவலும் இரண்டு வேண்டும்

ஒரு வாகன நிறுத்தத்தில் கார்களும் பைக்குகளும் சேர்ந்து 40 வண்டிகள் நிற்கின்றன. சக்கரங்களை எண்ணினால் 112. எத்தனை கார், எத்தனை பைக்?

சமன்பாடு எதுவும் எழுதாமலே இதைப் போட்டுவிடலாம். எல்லாமே பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது 80 சக்கரங்கள்தான் இருக்க வேண்டும், ஆனால் 32 கூடுதலாக இருக்கிறது. ஒரு பைக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு காரை நிறுத்தினால் 2 சக்கரம் கூடும், ஆக 16 இடத்தில் கார் நிற்கிறது, மிச்சம் 24 பைக். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய சுன்சி சுவான்ஜிங் என்ற சீனக் கணித நூலில் இதே மாதிரிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கூண்டில் காட்டுக்கோழிகளும் முயல்களும், தலைகள் 35, கால்கள் 94. கால்களைப் பாதியாக்கினால் 47, அதிலிருந்து தலைகளைக் கழித்தால் 12, அவ்வளவுதான் முயல்கள். மீதி 23 கோழிகள்.

இது ஏன் சரியாக வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், ஏனென்றால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. கோழிகளின் எண்ணிக்கை கோ, முயல்களின் எண்ணிக்கை மு என்று எழுதினால் தலைக்கணக்கு கோ + மு = 35, கால்கணக்கு 2கோ + 4மு = 94. இரண்டாவதைப் பாதியாக்கினால் கோ + 2மு = 47. இப்போது இரண்டு வரியிலும் கோ ஒரே அளவில் இருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அது காணாமல் போய் மு = 12 மட்டும் மிஞ்சுகிறது. பள்ளியில் நீக்கல் முறை என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பழைய உத்தியும் சமன்பாடும் செய்வது ஒரே வேலை, ஆனால் உத்தியை ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும், சமன்பாட்டுக்கு அந்தத் தேவை இல்லை. தெரியாத எண்கள் மூன்றானாலும் முப்பதானாலும் அதே கழித்தல்தான், ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று நிற்கும், அப்புறம் திரும்பிப் போய் மற்றவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

அதையும் பழைய சீனக் கணிதர்கள் செய்திருக்கிறார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஒன்பது அத்தியாயங்கள்' நூலின் எட்டாவது அத்தியாயம் முழுக்க இந்த வகைக் கணக்குகள்தான். அதன் முதல் கணக்கிலேயே மூன்று தரத் தானியக் கட்டுகள், மூன்று தெரியாத எண்கள், மூன்று தகவல்கள். எண்ணிக்கைக் குச்சிகளை நெடுவரிசைகளாக அடுக்கி, ஒரு வரிசையைப் பெருக்கி மற்றொன்றிலிருந்து கழித்து, விடையைப் பின்னங்களோடு துல்லியமாக எடுத்திருக்கிறார்கள். கழிக்கும்போது சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும் இல்லையா, அதைச் சமாளிக்க எதிர்ம எண்களுக்கான விதிகளும் அதே அத்தியாயத்தில் வருகின்றன. கி.பி. 263-இல் இதற்கு உரை எழுதிய லியு ஹுய், நேர்ம எண்ணுக்குச் சிவப்புக் குச்சியும் எதிர்ம எண்ணுக்குக் கறுப்புக் குச்சியும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இன்று இந்த முறைக்குக் காஸ் நீக்கல் என்று பெயர், ஆனால் ஜெர்மன் கணிதர் காஸ் பிறந்தது 1777-இல்.

சரி, தீர்ப்பது இவ்வளவு எளிது என்றால் வார்த்தைக் கணக்கு என்றதும் பலருக்கு ஏன் கை நின்றுவிடுகிறது? என் கருத்தில் சிக்கல் தீர்ப்பதில் இல்லவே இல்லை, வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதும் அந்த முதல் சில வரிகளில்தான் இருக்கிறது, அதற்குத்தான் நாம் மிகக் குறைவான நேரம் கொடுக்கிறோம்.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பொறியியல் மாணவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள், அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: 6மா = பே. மாணவர்கள் அதிகம், அதனால் 6 அவர்கள் பக்கம் என்று மனம் போய்விடுகிறது. எண்ணைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரியும். பேராசிரியர்கள் 10 பேர் என்றால் மாணவர்கள் 60 பேர், 6 × 60 எப்படி 10 ஆகும்? சரியானது மா = 6பே.

இந்தப் பிழைக்குக் காரணம், மா என்ற எழுத்தை 'மாணவர்' என்ற சொல்லின் சுருக்கமாகப் படிப்பதுதான். அது மாணவர் இல்லை, மாணவர்களின் எண்ணிக்கை, அதாவது ஓர் எண். ஆகவே எழுத்தை அறிமுகப்படுத்தும் வரியை முழுதாக எழுதுங்கள்: 'ப என்பது அசையாத நீரில் படகின் வேகம், மணிக்குக் கிலோமீட்டரில்'. இந்த ஒரு வரியைச் சோம்பல்படாமல் எழுதுகிறவர்களுக்குப் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

படகு என்றதால் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டரை நீரோட்டத்தோடு 3 மணி நேரத்தில் கடக்கும் படகு, அதே தூரம் எதிர்த்து வர 5 மணி நேரம் எடுக்கிறது. படகின் வேகம் என்ன, நீரின் வேகம் என்ன? இங்கே கேள்வியில் எங்கும் சொல்லப்படாத ஒரு விஷயம் தேவைப்படுகிறது, தூரம் என்பது வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. நிறையக் கணக்குகளில் சமன்பாட்டின் எலும்புக்கூடு இப்படி வெளியிலிருந்துதான் வரும், கேள்வி எண்களை மட்டும்தான் கொடுக்கும். போகும்போது வேகம் 20, வரும்போது 12. நீரின் வேகம் ந என்றால் ப + ந = 20, ப − ந = 12. இரண்டையும் கூட்டினால் ந போய்விடும், 2ப = 32, ப = 16, ந = 4. காற்றோடும் காற்றை எதிர்த்தும் பறக்கும் விமானத்துக்கும் இதே இரண்டு வரிகள்தான்.

கலவைக் கணக்கு கொஞ்சம் ஆழமானது. 70 விழுக்காடு அமிலக் கரைசலும் 20 விழுக்காடு கரைசலும் இருக்கின்றன, இரண்டையும் கலந்து 40 விழுக்காட்டில் 10 லிட்டர் வேண்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, கலக்கும்போது எது மாறாமல் இருக்கிறது? விழுக்காடு மாறிவிடும், அதைக் கூட்டவே கூடாது. உள்ளே போகும் அமிலத்தின் அளவு வெளியே வரும்போதும் அதேதான், மொத்த அளவும் அப்படியே என்று இந்த வகைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். ஆக இரண்டு தனித்தனிக் கணக்குப்புத்தகங்கள் மாதிரி, மொத்தத்துக்கு ஒன்று, அமிலத்துக்கு ஒன்று: அ + ஆ = 10, 0.7அ + 0.2ஆ = 4. இரண்டாவது வரியின் வலப்பக்கம் 4, ஏனென்றால் 10 லிட்டரில் 40 விழுக்காடு 4 லிட்டர், அந்த இடத்தில் 40 என்றோ 0.4 என்றோ எழுதியவர்கள் லிட்டரையும் விழுக்காட்டையும் சமமாக வைத்துவிட்டார்கள். விடை, 70 விழுக்காட்டுக் கரைசல் (அ) 4 லிட்டர், 20 விழுக்காட்டுக் கரைசல் (ஆ) 6 லிட்டர். வயதுக் கணக்கில் இதற்கு இணையான இடறல், '20 வருடம் கழித்து' என்றதும் ஒருவர் வயதில் மட்டும் 20 கூட்டுவது.

எப்போது விடை வராது? 'வண்டிகள் 40, வண்டிகளின் இரு மடங்கு 80' என்று சொன்னால் இரண்டு வாக்கியம் இருக்கிறது, தகவல் ஒன்றுதான். வரைபடத்தில் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு நேர்கோடு, இரண்டும் வெட்டும் புள்ளிதான் விடை, ஒரே தகவலை இரண்டு முறை சொன்னால் ஒரு கோட்டின் மேலேயே இன்னொன்று படுத்துக்கொள்ளும், முரணான தகவல் சொன்னால் கோடுகள் இணையாகப் போகும், வெட்டவே வெட்டாது. வெட்டினாலும் விடை பொருந்தாமல் போகலாம். சக்கரங்கள் 113 என்று கொடுத்தால் சமன்பாடு 16.5 கார் என்று சொல்லும், அப்போது கோளாறு எண்ணியவரிடம் இருக்கிறது, அல்லது எங்கோ ஒரு மூன்று சக்கர வண்டி நிற்கிறது. விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்ப்பது போதாது என்று நான் சொல்வது இதனால்தான், கேள்வியின் வாக்கியங்களில் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் அது தன்னைத்தானே சரி என்றுதான் சொல்லும்.

இன்னொரு நிலைமை இருக்கிறது, பாடப்புத்தகங்களில் அதிகம் வராது, ஆனால் எண்கள் அளவீட்டிலிருந்து வரும் இடங்களில் எல்லாம் இதுதான் தலைவலி. அ + ஆ = 10, அ + 1.01ஆ = 10.04 என்று இருந்தால் விடை அ = 6, ஆ = 4. அந்த 10.04 உண்மையில் 10.05 என்று வைத்துக்கொள்ளுங்கள், விடை 5, 5 ஆகிவிடுகிறது. அளவில் 0.01 நகர்ந்ததற்கு விடையில் ஒரு முழு எண் நகர்கிறது. இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட இணை, அதனால் ஒன்றைச் சற்றே அசைத்தாலும் வெட்டும் புள்ளி எங்கேயோ போய்விடுகிறது.

உங்கள் போனில் இருக்கும் ஜிபிஎஸ் இந்த எல்லாவற்றையும் நேரில் சந்திக்கிறது. இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் போதும், ஆனால் அதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை, ஏனென்றால் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, போனில் சாதாரணக் கடிகாரம்தான், மைக்ரோ நொடி ஒன்று தவறினால் தூரத்தில் 300 மீட்டர் தவறும். அதனால் கடிகாரப் பிழையையே நான்காவது தெரியாத எண்ணாக எடுத்துக்கொண்டார்கள், நான்கு தெரியாதவை, நான்கு சமன்பாடுகள். அவை நேர்கோட்டுச் சமன்பாடுகள் இல்லை, ஆனால் ஓர் உத்தேச இடத்தில் தொடங்கி, அதற்கு எவ்வளவு திருத்தம் வேண்டும் என்று நேர்கோட்டுச் சமன்பாடுகளால் கணக்கிட்டு, திருத்திய இடத்திலிருந்து மறுபடி கணக்கிட்டால் சில சுற்றுகளில் விடை நிலைத்துவிடும். வழக்கமாகப் போனுக்கு நான்குக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் தெரியும், அப்போது எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தும் புள்ளியே இருக்காது, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட முறை இது, பல்லாஸ் சிறுகோளின் பாதையைக் கணிக்கக் காஸ் பயன்படுத்தியதும் இதுதான். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே நிற்கும்போது வானத்தின் ஒரு துண்டிலிருக்கும் செயற்கைக்கோள்கள் மட்டுமே தெரிவதால் சமன்பாடுகள் ஏறக்குறைய ஒரே தகவலைச் சொல்ல ஆரம்பித்துவிடும், வரைபடத்தில் உங்கள் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதற்கு, சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் சிக்னலோடு சேர்ந்து, இதுவும் ஒரு முக்கியக் காரணம்.