விட்ட மீன் பிழைக்குமா?

"பெரிய மீனைப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விடுகிறார்களே, அது பிழைக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் தண்ணீருக்கு வெளியே அது எத்தனை நொடி இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

காவிரியின் கர்நாடகப் பகுதியில் தூண்டில் முகாம்கள் நடந்த காலத்தில் ஒருமுறை போயிருக்கிறேன். எலுமிச்சை அளவு கேழ்வரகுக் களி உருண்டையை முள்ளில் பொதித்து, பாறை மடுவில் போட்டோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ரீல் அலற ஆரம்பித்தது. கண்ணெதிரே தூண்டில் நரம்பு ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. மஹசீர்! கெண்டைக் குடும்பத்தின் பூதம். 1946இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. எனக்குச் சிக்கியது அதில் கால்வாசிகூட இருக்காது, அதற்கே தோள் இற்றுப்போனது.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? வீட்டில் மீன் நறுக்கும்போது பாருங்கள். தோலை ஒட்டிப் பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஒரு மெல்லிய பட்டை இருக்கும், மற்றதெல்லாம் வெள்ளைச் சதை. நாள் முழுக்க நிதானமாக நீந்த அந்தச் சிவப்புப் பட்டை போதும். திடீர்ப் பாய்ச்சலுக்குத்தான் வெள்ளைச் சதை. ஆக்சிஜன் வந்துசேரும்வரை அதனால் காத்திருக்க முடியாது. கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்த சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துத் தீர்த்துவிடும். நம் கையில் சுண்டும் அந்த இழுப்பெல்லாம் மீன் கடன் வாங்கிச் செலவழிப்பது. சதையிலும் இரத்தத்திலும் அமிலம் ஏறும். கடனை அடைக்கப் பல மணி நேரம் பிடிக்கும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

சரி, அந்த ஆக்சிஜனைச் செவுள் எப்படி வாங்குகிறது? எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. ஒரு லிட்டர் காற்றில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு ஆக்சிஜன்கூட ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்காது. அந்தக் கொஞ்சத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். செவுள் இழை ஒவ்வொன்றிலும் மிக மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. தகட்டுக்குள் இரத்தம் ஒரு திசையில் ஓட, வெளியே தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடியிருந்தால் பாதிவழியிலேயே சமமாகி, கொடுக்கல் வாங்கல் நின்றுபோயிருக்கும். எதிரெதிரே ஓடுவதால், ஆக்சிஜன் ஏற ஏற இரத்தம் தன்னைவிட வளமான தண்ணீரையே சந்தித்துக்கொண்டு போகிறது. கடைசி நுனிவரை அதற்கு வரவுதான்.

ஆனால் அந்தத் தகடுகளை விரித்து நிறுத்துவதே தண்ணீர்தான். குளத்தில் முங்கும்போது விரிந்து அலையும் கூந்தல், தலையைத் தூக்கியதும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் அல்லவா? காற்றில் செவுளும் அப்படித்தான். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது, அதுவும் கடன் உச்சத்தில் இருக்கும் நேரத்தில். 1992இல் கனடாவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை விரட்டிச் சோதித்தார்கள். காற்றே படாதவற்றில் 88% பிழைத்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 62%. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28% மட்டுமே.

அதனால்தான் படம் எடுப்பதாக இருந்தால் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து எடுங்கள் என்று கெஞ்சுகிறேன். காய்ந்த கையால் தொட்டால் வழும்பும் உரிந்துபோகும், பூஞ்சை வரும்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: காவிரியின் திமில் மஹசீருக்கு 2018இல்தான் அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் இருப்பதாகவும் அறிவிக்கப்பட்டது. அது குறைந்துவருவதையும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மஹசீர் பெருகுவதையும் காட்டிக்கொடுத்தது காலிபோர் முகாமின் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவேடு. குஞ்சுகளை ஆற்றில் கொட்டக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது, ஆற்றில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும் கிடைக்க வேண்டும்.

அன்று எங்கள் பரிசல்காரர் மீனைத் தூக்கவே விடவில்லை. இடுப்பளவு நீரில் நின்று, முள்ளைக் கழற்றி, அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டார். செவுள் மூடி முதலில் தாறுமாறாகத் துடித்தது, பிறகு சீராகத் திறந்து மூடியது. "இன்னும் இல்லை" என்றார் இரண்டு முறை. வால் ஒருதரம் அழுத்தமாக அசைந்தது. அவர் கையை விரித்தார்.