மருந்து ஊற்றும் முன் நத்தையின் அடையாளத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கடல்நீர்ப் பவளத் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். வாடிக்கையாளர்கள் இரவில் டார்ச் அடித்து எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை நத்தைகள். "அண்ணே, இதுக்கு என்ன மருந்து?"

பெரும்பாலும் மருந்தே வேண்டாம். இரவில் கூட்டமாக வரும் கொலோனிஸ்டா நத்தைகள் பாசி தின்பவை. ஓடு சிறுத்து உடம்பு பெருத்த ஸ்டொமட்டெல்லாவும் அப்படித்தான். இவை சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்கள். எண்ணிக்கை திடீரென்று கூடினால், தொட்டியில் பாசியும் மிச்சத் தீனியும் கூடிவிட்டன என்று பொருள். தீனியைக் குறைத்தால் நத்தையும் குறையும்.

கவனிக்க வேண்டியவை வேறு. ராட்சதச் சிப்பி வளர்ப்பவர்கள் பிரமிடெல்லிட் நத்தையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் நீளம்தான். கொலோனிஸ்டா உருண்டை, இது கூம்பு. இரவில் சிப்பியின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து அதன் உடற்சாற்றை உறிஞ்சும். சிப்பியை எடுத்து அடிப்பக்கத்தைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் வழவழப்பான முட்டைகளும் போக வேண்டும், இல்லையென்றால் மறுபடி வரும். ஜோவா (பொத்தான் பூக்கள் போலக் கூட்டமாக வளரும் பவள உறவினம்) வைத்திருப்பவர்களுக்கு எதிரி ஹெலியாகஸ் நத்தை. தட்டையான சுருளில் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் ஜோவாவைத் தின்னும். கையால் பொறுக்கி எடுப்பதே போதும்.

பலருக்கும் நத்தை என்றே தெரியாத நத்தை ஒன்று உண்டு: வெர்மெட்டிட். இது ஊராது. பாறையிலும் பவளத்தின் அடியிலும் சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கிறது. அதனால் எல்லோரும் புழு என்றுதான் நினைக்கிறார்கள். குழாயிலிருந்து சளியால் ஆன நூல்களைச் சிலந்திவலை போல நீரில் விரித்து, அதில் சிக்கும் துகள்களை வலையோடு இழுத்து விழுங்கும். அந்தச் சளி பவளத்தின் மீது படும்போது பாலிப்புகள் (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிர்கள்) சுருங்கிக்கொள்கின்றன. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் ஒரு பெரிய வெர்மெட்டிட் இனத்தை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. அந்த நத்தை இருந்த இடங்களில் சில பவளங்களின் வளர்ச்சி 81 சதவீதம் வரை குறைந்திருந்தது. தொட்டியில் வருபவை அதைவிடச் சிறியவை. ஆனால் கூட்டம் பெருகினால் அக்ரோபோரா என்ற கிளைப்பவளம் நிறம் மங்கி நிற்கும். உரிமையாளரோ நீரில்தான் குறை என்று நினைத்து கால்சியம் அளவைச் சோதித்துக்கொண்டே இருப்பார்.

வெர்மெட்டிட் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பம்ப்பை நிறுத்திவிட்டு, பவளத்துக்குப் போடும் தூள் தீனியைக் கொஞ்சம் தூவுங்கள். சில நிமிடங்களில் நூல்கள் தெரியும்.

குழாயின் நுனியை மட்டும் உடைத்தால் வேலை ஆகாது. நத்தை உள்ளே ஒடுங்கி, மீண்டும் கட்டிவிடும். அடியோடு வெட்டி, ஓட்டையை ஜெல் வகை சூப்பர் க்ளூவால் அடைக்க வேண்டும். அது தண்ணீருக்குள்ளும் இறுகும். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. பல இனங்களில் குஞ்சுகள் தாயின் குழாயிலிருந்து ஊர்ந்து வெளியேறி அக்கம்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வதால், வாரா வாரம் ஒரு பகுதியாகச் செய்யுங்கள். கூடவே தூள் தீனியைக் குறையுங்கள், ஸ்கிம்மரையும் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி) ஃபில்டர் சாக்ஸையும் (வடிகட்டும் துணிப்பை) சுத்தமாக வையுங்கள். பம்பிள்பீ என்ற வேட்டை நத்தையை விட்டால் வெர்மெட்டிட்டைத் தின்றுவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். சில தொட்டிகளில் குறைகிறது, சிலவற்றில் அது வேறு எதையோ தின்றுகொண்டு திரிகிறது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி செய்யக் கூடாதவை. செம்பு கலந்த மருந்து நத்தையைக் கொல்லும், உண்மைதான். இறால், நண்டு, பவளம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொல்லும். பாறையில் ஊறிய செம்பு பிறகும் கசியும். எந்த மருந்தானாலும் நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் செத்தால் அம்மோனியா ஏறி மீன்களும் போகும்.

அதைவிட ஆபத்தானது, பாறையை எடுத்து வெந்நீரில் கொதிக்க வைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். பாறையில் ஒட்டி வளரும் ஜோவாந்திட் வகைகள் (ஜோவாவும் இதில் சேரும்) சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கொதிக்கும்போது அது ஆவியோடு காற்றில் கலந்து, வீட்டில் இருப்பவர்கள் அனைவரும் மூச்சுத்திணறலோடு மருத்துவமனை போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெர்மெட்டிட் குழாயை வெட்டும்போதும் கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் போடுங்கள். குழாய் முனை கையைக் கிழிக்கும். காயம் வழியாகத் தொட்டி நீரிலிருந்து மைக்கோபாக்டீரியம் என்ற கிருமி தொற்றலாம். வாரக்கணக்கில் ஆறாத கட்டி வந்தால், தொட்டி வைத்திருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், லைவ் ராக்கில் (கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறை) கூம்பு வடிவ அழகான நத்தை வந்தால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். கோனஸ் வகையாக இருந்தால் கொட்டும். அதில் சில இனங்களின் நஞ்சு மனிதரையே கொல்லக்கூடியது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் இருந்து யாராவது "லைவ் ராக்" தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

புதிய பவளம் வாங்கும்போது அது ஒட்டியிருக்கும் பிளக்கை (சிறிய அடிக்கட்டை) உடைத்து எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுங்கள். வெர்மெட்டிட் பெரும்பாலும் அந்தப் பிளக்கின் அடியில்தான் வரும். அயோடின் கரைசலில் சிறிது நேரம் முக்கும் டிப், ஊரும் பூச்சிகள் சிலவற்றை உதிர்க்கும், முட்டைகளைத் தொடாது. அதனால் நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் ஓடு, ஓட்டின் வாயை அடைக்கும் மூடி, அடிப்பகுதி மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள்.