"எல்லாம் சேர்ந்து 30 கேபி கூட வராது சார்"

அப்பாவின் பழைய ஏடி 286 கணினியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி ஓடவைத்த தம்பி ஒருவர் போன வாரம் வந்தார். அப்பா டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் போட்டு வைத்திருந்த கடைக் கணக்கு திறக்கவில்லை. டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டினேன் (தவறுகளைத் திருத்தவும் சொல்லும் /எஃப் போடாமல்தான், முதலில் எப்போதும் அப்படித்தான்). தொலைந்த கிளஸ்டர்கள், அதாவது எந்தக் கோப்போடும் சேராமல் கிடக்கும் டிஸ்க் துண்டுகள், ஏகப்பட்டது. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் கட்டளைகள் உள்ள ஆட்டோஎக்ஸிக்.பேட் கோப்பைப் பார்த்தால் வரிசையாக ஏழு டிஎஸ்ஆர், அதாவது ஏற்றியபின் நினைவகத்திலேயே தங்கிவிடும் புரோகிராம்கள். திரை மூலையில் கடிகாரம், கால்குலேட்டர், நோட்பேட், விசையை அழுத்தினால் டிக்கென்று ஒரு சத்தம்... எல்லாம் இலவசம். "எல்லாம் சேர்ந்து 30 கேபி கூட வராது சார், அதனாலயா இப்படி ஆகும்?" என்றார். இந்த மாதம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவர்.

தம்பி, அளவு பிரச்சினையே இல்லை. 640 கேபியில் 30 போனால் போகட்டும். அந்தப் புரோகிராம் எங்கே கை வைக்கிறது என்பதுதான் விஷயம். நினைவகத்தின் தொடக்கத்தில் 1024 பைட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. 256 இன்டரப்ட் (கையிலுள்ள வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று செயலிக்கு வரும் அழைப்பு), ஒவ்வொன்றுக்கும் அதைக் கவனிக்கும் புரோகிராமின் 4 பைட் முகவரி. விசைப்பலகைக்கான 9-ஆம் இன்டரப்டின் முகவரி 36-ஆவது பைட்டில் தொடங்குகிறது. கடிகாரமோ கால்குலேட்டரோ, ஹாட்கீ (அழுத்தினால் அதை எழுப்பும் விசை) வேண்டுமென்றால் அந்த 4 பைட்டில் தன் முகவரியை எழுதிவிட்டு, அங்கே முன்பு இருந்ததைத் தன்னிடம் குறித்துக்கொள்ளும். அடுத்து வருவதும் அதையே செய்யும். இப்படி ஏழு பேர் கோத்துக்கொண்டு நிற்கும்போது நடுவில் இருப்பதை மட்டும் கழற்றினால்? அதற்குப் பின்னால் வந்த புரோகிராம் காலியான இடத்துக்குத் தாவும். கணினி உறையும். 500 பைட் புரோகிராம் ஒன்று போதும் இதற்கு. இந்தக் கணினியின் இயங்குதளமான டாஸில் ஒருவரை ஒருவர் மிதிக்காமல் தடுக்க வேலி எதுவும் கிடையாது.

உறைந்தால்கூடப் பரவாயில்லை, மறுபடி இயக்கிக்கொள்ளலாம். கணக்கைக் கெடுத்தது நோட்பேட்தான் என்று நினைக்கிறேன். டாஸ் ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது அதையே இன்னொரு முறை கூப்பிடக் கூடாது. டிபேஸ் பதிவை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் ஹாட்கீயைத் தட்டி, நோட்பேடில் எழுதியதைச் சேமித்தால் இரண்டும் கலந்துவிடும். டாஸ் வேலையாக இருக்கிறதா என்று சொல்லும் கொடி (ஒரு சின்ன அடையாளக் குறி) ஒன்று உள்ளேயே உண்டு. மைக்ரோசாப்ட் பல வருடம் அதை ஆவணங்களில் சொல்லவே இல்லை. 1983-இல் டாஸ் 2.0-உடன் வந்த பிரின்ட் கட்டளை பின்னணியில் நின்றபடியே அச்சடித்தது. அது எப்படி என்று வெளியில் இருந்தவர்கள் தாங்களாகவே தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்த டிஎஸ்ஆர்களை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நல்லெண்ணத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் எல்லாரும் அந்தக் கொடியைப் பார்த்து எழுதவில்லை. காசு கொடுத்து வாங்கிய சைட்கிக் என்ற டிஎஸ்ஆரே தன்னைக் கடைசியாக ஏற்றச் சொன்ன காலம் அது.

சரி, இனி இதைச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிஎஸ்ஆருக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்த்ததும் மெம் /சி அடித்து யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியாக ஏற்றியதை முதலில் இறக்குங்கள். டர்போபவர் நிறுவனத்தின் மார்க், ரிலீஸ் இரண்டும் இலவசம்தான், இதற்கென்றே எழுதப்பட்டவை. ஏற்றும் முன் மார்க், இறக்க ரிலீஸ், அவ்வளவுதான். டிஸ்க்கில் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் ஓட்டும் முன், டிஎஸ்ஆர் எதுவும் ஏறாமல் சுத்தமாக பூட் செய்யுங்கள். டாஸ் 6 என்றால் தொடங்கும்போது எஃப்5 போதும், சோம்பல்படாதீர்கள்! அப்புறம் டிஸ்க் வேலையை வேகப்படுத்தும் ஸ்மார்ட்டிரைவ். டாஸ் 6.0-இல் அது எழுத வேண்டியதை நினைவகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் சி:\> பிராம்ப்ட் வந்துவிட்டதே என்று சட்டென்று அணைத்தால் போச்சு. அணைக்கும் முன் ஸ்மார்ட்டிரைவ் /சி (SMARTDRV /C) அடியுங்கள். 6.2-இல் எழுதி முடித்த பிறகே பிராம்ப்ட் வரும்படி திருத்தினார்கள்.

தம்பியின் கணக்கில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது, கடைசி சில பக்கங்கள் இன்னும் இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்தால் தயவுசெய்து உடனே அணைத்துவிடுங்கள். அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். பயந்துபோய் ஆட்டோஎக்ஸிக்.பேட்டை அழிக்கவும் வேண்டாம். எதற்குப் பிறகு எது ஏறியது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.