ஆறு மாதம் ஆச்சே, ஆடலாமா?

மார்கழி பாதி தாண்டியதும் என் போனுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கும். "சார், முட்டி ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. பொங்கலுக்கு ஊர்ல கபடி டோர்னமென்ட் இருக்கு. ஆடலாமா?" சில சமயம் அடிபட்ட பையன் பேசமாட்டான், டீம் கேப்டன் பேசுவார். ஒருமுறை ஒரு பையனின் தாய்மாமா பேசினார். அந்த வருடம் போட்டிக் கமிட்டித் தலைவரே அவர்தான்.

"நேரில் வரச் சொல்லுங்க. ஒத்தைக் காலில் தாவிக் காட்டட்டும், அப்புறம் சொல்றேன்" என்பேன். பாதிப் பேர் வருவதில்லை. வந்தால் நான் என்ன சொல்வேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தென்மாவட்டம் ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வரும் விளையாட்டுக் காயங்களில் என்னை அதிகம் படுத்துவது முட்டி ஜவ்வு, அதாவது ஏசிஎல். முட்டிக்குள் குறுக்கும் மறுக்குமாக இரண்டு ஜவ்வுகள் இருக்கின்றன. அதில் முன்னால் இருப்பது இது. கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும், முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைத்திருப்பது இதன் வேலை. ரைடு போகிறவன் ஒரு காலை அழுத்தி ஊன்றி, சட்டென்று உடம்பைத் திருப்புகிறான். கால் திரும்பவில்லை, உடம்பு திரும்பிவிட்டது. அந்த நொடியில் போய்விடும். யாரும் பிடித்திருக்கக்கூட வேண்டாம். "உள்ளே டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு சார்" என்று பலர் சொல்வார்கள். சில மணி நேரத்திலேயே முட்டி வீங்கிவிடும். அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அந்த வீக்கத்தின் மேல் எண்ணெய் போட்டு அழுத்தி சுளுக்கு எடுப்பது, கசிகிற குழாயைப் பிசைவது போலத்தான்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், நடக்கலாம், நேராக ஓடவும் முடியும். சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி களத்தில் இறங்கித் திரும்பும்போது முட்டி 'விலகிப் போகும்'. அப்படி விலகும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தட்டு, அதாவது மெனிஸ்கஸ், நசுங்கக்கூடும். அதனால் முதல் வீக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். ஸ்கேன் அப்புறம் இருக்கட்டும். முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனைக்குப் பழகிய இரண்டு கைகள் போதும். ஜோசப் டார்க் என்ற அமெரிக்க மருத்துவர் தன் ஆசிரியர் ஜான் லாக்மன் பெயரில் 1976இல் அதை வெளியிட்டார். எத்தனையோ மெஷின் வந்தும் இன்றைக்கும் நான் முதலில் செய்வது அதைத்தான்.

கிழிந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா என்றால், இல்லை. சுவீடனில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 121 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு குழுவுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். 2010இல் வந்த முடிவின்படி, இரண்டு வருடம் கழித்து இரு குழுவினரின் முட்டி நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிக் குழுவின் 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள். ஆனால் கபடி, கால்பந்து என்று திரும்பித் திரும்பி ஆடியே ஆகவேண்டும் என்பவருக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழியாகிறது. அதை எலும்பு மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். என் புலம்பல் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

போன பொங்கலுக்கு முன் ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது, நல்ல ரைடர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் எங்கேயோ பெரிய ஊரில் நடந்தது. டிஸ்சார்ஜ் தாளில் 'ஆறு மாதத்துக்குப் பின் விளையாடலாம்' என்று ஒரு வரி. என்னிடம் மூன்று வாரம் வந்தான். முட்டி மடங்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டான். பஸ் செலவு, வேலை, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். பிறகு சரியாக ஆறாவது மாதம் வந்து நின்றான். நடை சுத்தம், ஓட்டம் சுத்தம். ஒற்றைக் காலில் தாவச் சொன்னேன். நல்ல காலில் 150 செ.மீ., அடிபட்ட காலில் 92. அதாவது 61 சதவீதம். "இப்போ ஆடாதே" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். போட்டியின் இரண்டாம் நாள் ராத்திரி அதே முட்டி போய்விட்டது, யாருமே தொடாமல்.

அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'ஆடாதே' என்று சொன்னேனே தவிர, அந்த 61 என்றால் என்ன, அது குறைந்தபட்சம் வேண்டிய 90 ஆக என்ன செய்ய வேண்டும், எத்தனை மாதம் பிடிக்கும் என்று எதையும் நான் சொல்லவில்லை. அவன் கையில் இருந்தது ஒரு தேதி. அதற்குப் பதிலாக நான் கொடுத்தது ஒரு மறுப்பு மட்டும்தான்.

தேதி ஏன் போதாது என்றால், ஆபரேஷனில் கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே வைப்பது ஜவ்வு அல்ல. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த தசைநார். அது புது இடத்தில் முதலில் ரத்த ஓட்டமே இல்லாமல் கிடக்கும். பிறகு மெல்ல ரத்தக்குழாய்கள் வளர்ந்து, மாதக்கணக்கில் ஜவ்வு போல மாறவேண்டும். வலி போவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வலி எப்போதோ போய்விடும்.

2016இல் டெலாவேர்–ஓஸ்லோ ஆய்வுக் குழு, ஆபரேஷன் செய்துகொண்ட 106 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தது. ஒன்பதாவது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. திரும்பும் முன் வைக்கும் தொடைப் பலம், தாவல் போன்ற சோதனைகளில் தேறியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கும், தேறாமல் போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கும் மீண்டும் அடிபட்டது. அதே வருடம் கத்தாரில் 158 தொழில்முறை வீரர்களைக் கவனித்ததிலும் இதே கதைதான். சோதனைகளை முடிக்காமல் போனவர்களுக்குப் புது ஜவ்வு அறுந்துபோகும் ஆபத்து நான்கு மடங்கு. அவர்கள் எல்லா வசதியும் உள்ள வீரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் பையனுக்கு அந்த வசதியும் கிடையாது.

சரி, வீட்டில் என்ன நடக்கிறது? ஆபரேஷன் முடிந்து வந்ததும் அம்மா முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் இதைவிடக் கெடுதல் இல்லை. முட்டி அந்த மடக்கலிலேயே இறுகிவிடும், பிறகு கால் முழுதாக நீளாது, நடை நொண்டும். தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தானாக நேராகும்.

அடுத்தது தொடையின் முன்சதை. முட்டிக்குள் நீர் இருக்கும்வரை அந்தச் சதையை இறுக்க மூளை விடாது. ஒரு வாரத்திலேயே தொடை இளைப்பது கண்ணுக்குத் தெரியும். ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், ருசியாகத்தான் இருக்கும், ஆனால் தொடை அதில் வளராது. 'பத்து நாள் கரண்ட் வைத்தேன் சார்' என்பார்கள். முன்சதையைத் தூண்டும் கரண்ட் முதல் வாரங்களில் உதவும், உண்மைதான். ஆனால் வலிக்கான கரண்டும் சூடு ஒத்தடமும் மட்டுமே சிகிச்சை என்று ஆகிவிட்டால், காசு கொடுத்துப் படுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எடை தூக்கி, படி ஏறி, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்து, மாதக்கணக்கில் வியர்வை சிந்தினால்தான் சதை வரும். படியைப் பற்றி ஒரு வார்த்தை: முதல் வாரங்களில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். சம்மணம் எப்போது போடலாம் என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அவசரமே இல்லை, முட்டி முழுதாக நீள்வதுதான் முதலில் முக்கியம்.

ஊர் டீம் கோச்சுகளும் பி.டி. வாத்தியார்களும் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். லேப் எதுவும் வேண்டாம், சாக்பீசும் டேப்பும் போதும். பையன் நன்றாக ஓடப் பழகிய பிறகுதான் இந்தச் சோதனை, அதுவும் அவனுடைய பிசியோவிடம் கேட்டுவிட்டு. ஒரு காலில் நின்று, தாவி, அதே காலில் இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். தடுமாறினால் கணக்கில் இல்லை. அடிபட்ட காலின் தூரத்தை நல்ல காலின் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 90க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. பிறகு மூன்று தாவல், கோட்டுக்குக் குறுக்கே மாறி மாறித் தாவல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம் என்று மற்ற சோதனைகள்.

ஆனால் 90 வந்துவிட்டால் விட்டுவிடலாம் என்றும் இல்லை. எட்டு மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் பலம் குறைந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் மார்க் கூடுதலாகத்தான் தெரியும். இன்னொன்று, தூரத் தாவலில் முட்டி திருட்டு வேலை செய்யும். இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து தூரத்தைக் கொடுத்துவிடும், முட்டி சும்மா கூடவே போய்விட்டு வரும். அதனால் தொடைச் சதையின் பலத்தைத் தனியாக அளந்தே ஆகவேண்டும். ஜிம்மில் இருக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில், பிசியோ கூட இருக்க, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தாலே ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

பயத்தையும் கேட்க வேண்டும். 2008இல் ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உருவானது. நான் படிவமெல்லாம் நீட்டுவதில்லை, "ராத்திரி படுக்கும்போது அந்த ரைடு ஞாபகம் வருதா?" என்று கேட்பேன். ஆம் என்று சொல்பவனிடம், கோழை என்று திட்டும் கேப்டனை விலகி இருக்கச் சொல்வேன்.

"பெரிய பிளேயரெல்லாம் சீக்கிரமே வந்துடறாங்களே சார்?" என்று வீடியோ காட்டுவார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டிக் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் போன மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். நடுவில் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

அடிபடாமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நார்வேயில் 125 கிளப்புகளில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் ஒரு வார்ம்-அப்பைச் சோதித்தார்கள். இப்போது 'ஃபிஃபா 11+' என்று அழைக்கப்படுவது. ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்துச் சரியாக இறங்குதல் எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். 2008இல் வந்த முடிவில், அதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியும் குறைந்திருந்தன. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இந்த ஜவ்வு அதிகம் கிழிகிறது. பெண்கள் அணியை நடத்துபவர்கள் இந்த இருபது நிமிடத்தை விடவே கூடாது. நம் ஊரில் வார்ம்-அப் என்றால் மைதானத்தை ரெண்டு சுற்று ஓடிவிட்டு, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு இறங்குவது. கும்பிடுங்கள், ஆனால் அதற்கு முன் குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று ஒருவரையொருவர் பாருங்கள்.

அந்தப் பையனுக்கு, வீட்டில் பணம் புரட்டி, மே மாதம் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. இந்த முறை நிற்காமல் வருகிறான். பஸ் செலவை டீமே பங்கு போட்டுக் கொடுக்கிறது. இந்தப் பொங்கலுக்கு ஸ்கோர் போர்டில் உட்கார்ந்திருந்தான். நோட்டு ஒன்று கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு சோதனையையும் அவனே எழுதுவான். போன சனிக்கிழமை நல்ல காலில் 158, அடிபட்ட காலில் 141. கணக்குப் போட்டான், 89.

"தொண்ணூறுன்னு எழுதிக்கவா சார், ஒண்ணுதானே?"

"எண்பத்தொன்பதுன்னே எழுது. தொடைப் பலம் இன்னும் எண்பதுதான், அதையும் கீழே போடு."

முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் எழுதினான். அடுத்த சோதனை மாசி முதல் வாரம், காலை ஏழு மணிக்கு.